அடையாளம் தெரியாத நபர் தொட்ட வண்டி

ரொட்டிக்காரரின் வண்டி ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், ஏழாவது கடைக்கும் எட்டாவது கடைக்கும் நடுவில் நின்றுபோனது. அவர் ரொட்டி சுடுகிறவர் அல்ல. பேக்கரியில் சுட்டுத் தருவதை நாற்பத்திரண்டு கடைகளுக்குக் கொண்டுபோய்ப் போடுகிறவர். பதினோரு வருடமாக இதையே செய்ததில் தெருவில் யாருக்கும் அவருடைய வேறு பெயர் நினைவில் இல்லை. சொந்த வண்டி, சொந்த உழைப்பு, யாருக்கும் தலைவணங்க வேண்டியதில்லை என்று அவருக்கு ஒரு சின்ன கர்வமும் இருந்தது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்ல வாய்ப்பு வராது.

வண்டியைக் கயிறு கட்டி இழுத்து, அந்த வண்டிக் கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனார்கள். டை கட்டிய ஆலோசகர் ஒருவர் வயரைச் செருகிக் கம்ப்யூட்டரைப் பார்த்தார். என்ஜினுக்குள் சுற்றும் பல்சக்கரத்தின் பற்களை எண்ணிச் சொல்வதற்குக் கட்டைவிரல் அளவில் ஒரு சென்சார் உண்டு. அது செத்துவிட்டது. புதிதாகப் போட நான்கு நாள் ஆகும் என்றார் ஆலோசகர். அதற்கு அவர் சொன்ன தொகை, ரொட்டிக்காரர் இரண்டு மாதம் ஓட்டினால் கையில் நிற்கும் தொகை.

"சென்சார் விலை கம்மிதான் சார்," என்று ஆலோசகர் ஆறுதல் சொன்னார். "அலைன்மென்ட்தான் செலவு. அதைச் சும்மா செருகிட முடியாது. ஒரு இடைவெளி இருக்கு. அந்த இடைவெளிக்குத்தான் நீங்க காசு குடுக்கறீங்க."

அதாவது சென்சாருக்கு இல்லை, சென்சார் இல்லாத இடத்துக்கு. ரொட்டிக்காரருக்கு அது புரியவில்லை. வண்டியை மறுபடி கயிறு கட்டி வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார்.

அவர் மனைவி வீட்டு முன்னறையில் தையல் மெஷின் போட்டுத் தைக்கிறவர். மெஷினை வாங்கிய நாளிலிருந்து அதைக் கழற்றுவதும் மாட்டுவதும் எண்ணெய் விடுவதும் அவரே. வண்டியிலிருந்து பழைய சென்சாரைக் கழற்றி எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஒரே ஒரு போல்ட்டுலதாங்க நிக்குது. இதுக்கா நாலு நாள்?"

"அலைன்மென்ட்டுன்னு ஒண்ணு இருக்காம்மா."

"என்ன பெரிய அலைன்மென்ட்டு? இந்த மூக்கு பல்லுல இடிக்கவும் கூடாது, எட்டப் போகவும் கூடாது. ஊசிக்கும் ஷட்டிலுக்கும் நடுவுல நான் தினமும் வைக்கிறதுதானே? கடையில போய் ஒண்ணு வாங்கிட்டு வாங்க."

உதிரிபாகக் கடையில் அது கிடைத்தது. புது சென்சாரின் மூக்கில் சின்னதாக, வட்டமாக ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. பெட்டிக்குள் இருந்த படத்தைப் பார்த்த மாத்திரத்தில் அந்த அம்மாளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. காகிதத்தின் கனம்தான் விட வேண்டிய இடைவெளி. காகிதம் பல்லைத் தொடும்வரை சென்சாரைத் தள்ளி, போல்ட்டை முடுக்கினால் போதும். என்ஜின் சுற்றும்போது காகிதம் தானாகத் தேய்ந்து போய்விடும், இடைவெளி நின்றுவிடும். ரொட்டிக்காரர் டார்ச்சு பிடித்தார். அவர் மனைவி இருபது நிமிடத்தில் வேலையை முடித்துவிட்டுக் கை கழுவப் போனார். சாவியைத் திருப்பியதும் வண்டி முதல் தடவையிலேயே பிடித்துக்கொண்டது. ரொட்டிக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது.

ஒரே ஒரு குறை. ஸ்டியரிங்குக்குப் பின்னால் என்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு ஒன்று அணையவில்லை. கம்பெனிக் கம்ப்யூட்டர் சொன்னால்தான் அது அணையும். பேக்கரியிலோ வருடத்துக்கு ஒரு தடவை ஒரு தாள் கேட்பார்கள்: 'இந்த வண்டியில் எச்சரிக்கை விளக்கு எதுவும் எரியவில்லை' என்று அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டர் எழுதிக் கொடுத்த தாள். அந்த வருடத்துக் கெடு, வருகிற சனிக்கிழமை. தாள் வராவிட்டால் நாற்பத்திரண்டு கடையும் பேக்கரிக் கணக்கரின் மைத்துனருக்குப் போய்விடும். மைத்துனர் ஏற்கெனவே ஒரு வண்டி வாங்கி, அதில் ரொட்டிப் படமும் வரைந்து வைத்துக் காத்திருந்தார்.

ஆகவே வியாழக்கிழமை காலை ரொட்டிக்காரர் வண்டியைத் தானே ஓட்டிக்கொண்டு சர்வீஸ் சென்டருக்குப் போனார். விளக்கை அணைக்க வேண்டும், ஒரு தாள் வாங்க வேண்டும். பத்து நிமிட வேலை என்று நினைத்தார், பாவம்.

வரவேற்பறையில் டோக்கன் கொடுத்து, உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாத ஒரு சோபாவில் உட்காரவைத்தார்கள். ஒன்றரை மணி நேரம் கழித்து அதே ஆலோசகர் கூப்பிட்டார்.

"என்ன கம்ப்ளெய்ன்ட் சார்?"

"கம்ப்ளெய்ன்ட் ஒண்ணும் இல்ல தம்பி. வண்டி ஜோரா ஓடுது. இந்த மஞ்ச லைட்டை மட்டும் அணைச்சுட்டு ஒரு பேப்பர் குடுத்தா போதும்."

ஆலோசகரின் விரல்கள் கீபோர்டுக்கு மேல் அப்படியே நின்றன.

"கம்ப்ளெய்ன்ட் இல்லாம ஜாப் கார்டு திறக்க முடியாது சார். ஜாப் கார்டு இல்லாம வண்டி உள்ள வர முடியாது."

"வண்டி உள்ளதானே நிக்குது? அதோ பாருங்க."

"உங்க கண்ணுக்கு நிக்குது. சிஸ்டத்துல இன்னும் வரலை."

திரையில் முந்நூற்றுப் பதினெட்டுக் கம்ப்ளெய்ன்ட்கள் இருந்தன. நன்றாக ஓடுகிறது என்பது அவற்றில் இல்லை. ஆலோசகர் நல்ல மனிதர், உதவி செய்யத்தான் பார்த்தார். "நடுக்கம்னு போடட்டுமா? வேண்டாம், நடுக்கம்னா என்ஜினை இறக்கணும். இருமல்னு போட்டா டாங்கைக் கழட்டணும். ஒண்ணு பண்ணலாம் சார், 'வாசனை'ன்னு போட்டுடறேன். வாசனைக்கு மோந்து பாத்தாப் போதும்."

அப்படியாக, ரொட்டிக்காரரின் வண்டியில் வாசனை அடிப்பதாக ஜாப் கார்டு திறக்கப்பட்டது. அதிகாலையில் முந்நூறு ரொட்டி ஏறி இறங்கிய வண்டி என்பதால் வாசனை அடிக்கத்தான் செய்தது. இரண்டு பேர் மோந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டார்கள். பிறகு வயரைச் செருகினார்கள். அப்போதுதான் ஆலோசகரின் முகம் மாறியது.

"சார், இதுல சென்சார் புதுசா இருக்கே."

"ஆமா, மாத்திட்டோம்."

"மாத்திட்டீங்களா!" என்றார் அவர், வீட்டில் இழவு விழுந்த செய்தி கேட்டவர் மாதிரி. பிறகு குரலைத் தாழ்த்தி விளக்கினார். "இந்த லைட் எரியறது பழைய சென்சார் கெட்டதுக்கு. நாங்க கெட்டதைக் கழட்டி நல்லதைப் போட்டாத்தான் சிஸ்டம் லைட்டை அணைக்க விடும். உங்க வண்டியில கெட்டதே இல்ல. நல்லதைக் கழட்டிட்டு நல்லதைப் போட்டு பில் போட்டா அது மோசடி சார். கம்பெனி எந்தக் காலத்துலயும் மோசடிக்குத் துணை போகாது. அதனால நீங்க அந்தப் பழைய சென்சாரைக் கொண்டுவந்து குடுத்துடுங்க. அதை மாட்டி வண்டியைக் கெடுத்துட்டு, அப்புறம் முறைப்படி சரி பண்ணிடலாம்."

"ஓடற வண்டியைக் கெடுக்கறதா?"

"கெடுக்கறதுன்னு சொல்லாதீங்க. பழைய நிலைமைக்குக் கொண்டு வர்றது."

ரொட்டிக்காரர் பஸ் பிடித்து வீட்டுக்குப் போனார். பழைய சென்சாரை அவர் மனைவி பொத்தான் டப்பாவில் போட்டு வைத்திருந்தார். எதற்கு என்று கேட்டவரிடம் இவர் விஷயத்தைச் சொன்னார். "அவங்களுக்கென்ன புத்தி பேதலிச்சுப் போச்சா? நீங்களும் தலையாட்டிட்டு வந்துட்டீங்களா?" என்று அந்த அம்மாள் கேட்டார். சனிக்கிழமை கெடு என்று மட்டும் சொல்லிவிட்டு இவர் அடுத்த பஸ்ஸைப் பிடித்தார்.

செத்த சென்சாரை மாட்டினார்கள். சாவியைத் திருப்பினார்கள். வண்டி அசையவில்லை. மூன்று தடவை திருப்பி, அசையவில்லை என்று மூன்று பேர் எழுதிக்கொண்டார்கள். ஆலோசகர் வந்து ரொட்டிக்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"வாழ்த்துகள் சார். உங்க வண்டி முறைப்படி கெட்டுப்போச்சு. இனிமே பயமில்ல."

இனி ஒரு படிவம்தான் பாக்கி. 'பாகத்தை முன்பு தொட்டவர் யார்?' என்று கேட்டு, பக்கத்தில் இரண்டே கட்டம்: அங்கீகரிக்கப்பட்ட பணியாளர், அடையாளம் தெரியாத நபர்.

"என் சம்சாரம் தம்பி," என்றார் ரொட்டிக்காரர்.

"அவங்க எங்க பணியாளரா சார்?"

"இல்ல."

"அப்ப ரெண்டாவது கட்டம்."

"அடையாளம் தெரியாதுன்னு எப்படிப்பா போடறது? பத்தொம்பது வருஷமா ஒரே வீட்டுல இருக்கோம்."

"உங்களுக்குத் தெரியும் சார், இல்லேங்கலை. கம்பெனிக்குத் தெரியணுமே. சும்மா ஒரு ஃபார்மாலிட்டிதான்."

'வண்டியைத் தொட்ட நபரின் அடையாளம் எனக்குத் தெரியாது என்று உறுதி கூறுகிறேன்' என்று கீழே அச்சடித்திருந்தது. ரொட்டிக்காரருக்கு வெட்கமாக இருந்தது. யாராவது பார்க்கிறார்களா என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். ஆலோசகர் தாளை வாங்கிப் படித்துவிட்டு, விதிப்படி அடையாளம் தெரியாத நபரை நேரில் விசாரிக்க வேண்டியிருப்பதால் நாளை பத்து மணிக்கு அவரை வீட்டிலிருந்து அழைத்துக்கொண்டு வரும்படி சொன்னார்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு அந்த அம்மாள் கழுத்தில் போட்ட இஞ்சுடேப்பைக் கழற்றவும் மறந்து, பாதி வேலையில் எழுந்து வந்தார். தர அதிகாரியின் அறைக்கு அழைத்துப்போனார்கள். சுவர் முழுக்கச் சட்டம் போட்ட சான்றிதழ்கள். மேஜையில் ஒரு எண்ணெய்க் கறை கிடையாது, ஒரு ஸ்பேனர் கிடையாது.

"உங்க தகுதி என்ன?" என்றார் தர அதிகாரி.

"தையல்."

"இடைவெளியை எந்தக் கருவி வச்சு அளந்தீங்க?"

"அளக்கவே வேண்டாம் சார். மூக்குல ஒரு காகிதம் ஒட்டியே வருது. அந்தக் கனம்தான் கணக்கு. அதோடயே வச்சு முடுக்கிட்டா முடிஞ்சுது. உங்க ஆளுங்ககிட்டக் கேளுங்க, அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்."

தர அதிகாரி 'காகிதம்' என்று எழுதி, அதற்குக் கீழே இரண்டு கோடு போட்டார். பிறகு நாற்காலியில் சாய்ந்துகொண்டு ஒரு சொற்பொழிவு ஆற்றினார். அதை ரொட்டிக்காரர் எனக்கு அப்படியே ஒப்பித்திருக்கிறார்.

"அம்மா, நான் பதினாலு வருஷமா தரப் பிரிவுல இருக்கேன். இன்னிக்கு வரைக்கும் ஒரு பானட்டைத் திறந்து பார்த்தது கிடையாது. ஏன்னு கேளுங்க. திறந்தா தப்பு கண்ணுல படும். கண்ணுல பட்டா எழுதணும். எழுதினா தரம் குறையும். பதினாலு வருஷமா இந்த மையத்துல தரம் ஒரு புள்ளிகூடக் குறைஞ்சதில்ல. அதோ மாட்டியிருக்கு பாருங்க, அவ்வளவும் அதுக்குக் குடுத்ததுதான். நீங்க என்னடான்னா நேராப் போய் பானட்டைத் திறந்து, கையை வேற உள்ள விட்டிருக்கீங்க."

"வண்டி ஓடிச்சே சார்."

"ஓடறது வேற, தரம் வேற. ஓடாத வண்டியிலயும் தரம் இருக்கலாம். அனுமதி இல்லாம ஓடற வண்டியில தரம் எங்கேர்ந்து வரும்?"

அந்த அம்மாள் அவரை மேலிருந்து கீழே ஒரு பார்வை பார்த்தார். "உங்க பேன்ட்டுல வலது கால் ஒரு இஞ்சு இறங்கியிருக்கு சார். அதையாவது குனிஞ்சு பாப்பீங்களா?" என்றார். தர அதிகாரி அதையும் எழுதிக்கொண்டார்.

சனிக்கிழமை காலை அலைன்மென்ட். அதற்கென்று தனியறை, ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. வாடிக்கையாளர் வெளியே சோபாவில் உட்கார்ந்து பார்க்கலாம். உள்ளே நான்கு பேர் வெள்ளைக் கையுறையோடு நின்றார்கள். ஒருவர் புத்தகத்தை வாசித்தார், ஒருவர் அதைத் திருப்பிச் சொன்னார், ஒருவர் செய்தார், ஒருவர் செய்ததாகக் கையெழுத்துப் போட்டார். தர அதிகாரி இறங்கிய பேன்ட்டோடு நடுவில் நின்றார். ரொட்டிக்காரரும் மனைவியும் வெளியே. திருப்தி அலுவலர் என்று ஒரு பெண்ணும் அவர்களோடு நின்றாள். வாடிக்கையாளர் திருப்தியாக இருக்கிறாரா என்று பார்ப்பது அவள் உத்தியோகம்.

புது சென்சாரைப் பெட்டியிலிருந்து எடுத்தார்கள். அதன் மூக்கிலும் அதே வட்டக் காகிதம் இருந்தது. செய்கிறவர் அதைப் பார்த்துவிட்டுத் தர அதிகாரியிடம் காட்டினார். தர அதிகாரியின் கண்கள் விரிந்தன. நேற்று எழுதிய தாளை எடுத்துப் பார்த்தார். அடையாளம் தெரியாத நபர் பயன்படுத்திய அதே காகிதம், கம்பெனிப் பெட்டிக்குள்ளேயே புகுந்திருக்கிறது! ஒரு சின்ன இடுக்கியை வரவழைத்தார்.

"ஐயோ, அதைப் பிக்கறாங்க!" என்று அந்த அம்மாள் எழுந்து ஓடிக் கண்ணாடியைத் தட்டினார். "சார்! அது இருக்கணும்! அதுதான் இடைவெளி! எடுக்காதீங்க!"

உள்ளே எதுவும் கேட்கவில்லை. கண்ணாடியை அப்படித்தான் செய்து மாட்டியிருந்தார்கள். வாசிக்கிறவர் மட்டும் நிமிர்ந்து பார்த்து, ஆர்வமுள்ள வாடிக்கையாளர் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே கையசைத்தார்.

"மேடம், கண்ணாடியில ரேகை படுது," என்றாள் திருப்தி அலுவலர், துணியால் துடைத்துக்கொண்டே. அந்த அம்மாள் தட்டத் தட்ட அவள் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"ஏங்க, நீங்களாவது உள்ள ஓடிப் போய்ச் சொல்லுங்களேன்!"

ரொட்டிக்காரர் கதவுவரைக்கும் போனார். கதவில் 'அனுமதி இல்லை' என்று எழுதியிருந்தது. அவர் அங்கேயே நின்றுவிட்டார். அந்தக் கதவு பூட்டியிருக்கவில்லை என்பது பிற்பாடுதான் தெரிந்தது. அவரைத் திட்ட எனக்கு வாய் வருகிறது, ஆனால் அந்த எழுத்துக்கு முன்னால் நானும் நின்றிருப்பேன்.

காகிதத்தைப் பிய்த்து, ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, எண் கொடுத்துப் பத்திரப்படுத்தினார்கள். சென்சாரை முடிந்த மட்டும் உள்ளே தள்ளி முடுக்கினார்கள். கம்ப்யூட்டரில் பச்சை வந்தது, போல்ட் இறுகினால் அதில் பச்சை வரும். ஒருவருக்கொருவர் கை குலுக்கினார்கள். தர அதிகாரி தானே ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். அந்தச் சத்தம் மட்டும் கண்ணாடியைத் தாண்டி வெளியே கேட்டது. பல்சக்கரம் சென்சாரின் மூக்கைக் கடித்து, அரைத்து, உடைந்த துண்டுகளைத் தன் பற்களுக்குள்ளேயே இழுத்துக்கொண்டது. எங்கோ ஒன்று முறிந்தது. பிறகு என்ஜின் மொத்தமாக இறுகி நின்றது.

அந்த அம்மாள் கண்ணாடியிலிருந்து கையை எடுத்தார். திருப்தி அலுவலர் கடைசி ரேகையைத் துடைத்தாள்.

நாற்பது நிமிடத்தில் அறிக்கை வந்துவிட்டது. 'பழுதுக்குக் காரணம்: அடையாளம் தெரியாத நபரின் முன்தொடுதல். ஆதாரம்: ஒரு காகிதம், உறையில்.' சாவி வேண்டுமென்றால் ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும் என்றாள் திருப்தி அலுவலர். எங்கள் சேவைக்குப் பத்துக்கு எத்தனை?

"ஒண்ணுகூடக் குடுக்கக் கூடாது," என்றார் மனைவி.

"சார், பத்து குடுத்துடுங்க சார்," என்று அந்தப் பெண் கெஞ்சினாள். "ஒன்பது வந்தாலே என் வேலை போயிடும். எங்க வீட்ல நான் ஒருத்திதான் சம்பாதிக்கறேன்."

அவள் பொய் சொல்லவில்லை. உண்மையாகவே போய்விடும். ரொட்டிக்காரர் பத்து கொடுத்தார். கொடுத்துவிட்டு, சாவியோடு மேலாளரிடம் போய், ஓடுகிற வண்டியைக் கொண்டுவந்து இப்படி ஆகிவிட்டதே, என் பிழைப்பே இதுதானே என்று அழாத குறையாகச் சொன்னார்.

மேலாளர் பொறுமையாகக் கேட்டார். தன் திரையைத் திருப்பிக் காட்டினார்.

"பத்துக்குப் பத்து குடுத்திருக்கீங்களே சார். முழுத் திருப்தி அடைஞ்ச ஒருத்தர்கிட்டேர்ந்து நாங்க எப்படிப் புகார் வாங்கறது? நியாயமா சொல்லுங்க. இந்த மையத்துல இதுவரைக்கும் ஒரு தப்பு நடந்ததில்ல. தப்புன்னு எது நடந்தாலும் அது வண்டியோட வந்ததா இருக்கும், இல்லேன்னா வண்டிக்காரரோட வந்ததா இருக்கும். இங்க இருக்கறது நாங்க மட்டும்தான், எங்ககிட்ட எப்படி வரும்? ஆனா ஒண்ணு. நீங்க கேட்டதை நாங்க குடுக்காம விடலை."

மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். 'இந்த வண்டியில் எச்சரிக்கை விளக்கு எதுவும் எரியவில்லை.' முத்திரை, கையெழுத்து, தேதி எல்லாம் சரியாக இருந்தன. உண்மையும்தான். செத்த வண்டியில் எந்த விளக்கும் எரிவதில்லை.

பேக்கரியில் தாளை வாங்கிப் பார்த்தார்கள். எல்லாம் முறையாக இருக்கிறது என்று பாராட்டிக் கோப்பில் வைத்துக்கொண்டார்கள். திங்கட்கிழமை காலை வண்டி எங்கே என்று கேட்டார்கள். பத்து மணிக்குள் நாற்பத்திரண்டு கடையும் மைத்துனரிடம் போய்விட்டன.

புது என்ஜின் போட ஆகும் செலவில் இன்னொரு வண்டியே வாங்கலாம். பழைய வண்டியோ சர்வீஸ் சென்டர் வாசலிலேயே நின்றது, அப்படி நிற்பதற்கும் நாள் வாடகை ஏறிக்கொண்டிருந்தது. மூன்றாவது வாரம் மேலாளரே கூப்பிட்டு அனுப்பினார். கம்பெனி மனிதாபிமானத்தோடு ஒரு முடிவு எடுத்திருக்கிறது என்றார். வண்டி வரவேற்பறைக்குள் வந்துவிடும், பானட் திறந்தபடி, விளக்குப் போட்டு. 'விழிப்புணர்வு மூலை' என்று பெயர். பக்கத்தில் ஒருவர் நின்று, அங்கீகாரம் இல்லாத கை பட்டால் என்ன ஆகும் என்று வருகிறவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். நாள் வாடகை தள்ளுபடி. சட்டை இலவசம். ரொட்டி ஓட்டியபோது வந்ததில் பாதி, மாதச் சம்பளம்.

வேறு என்ன செய்வார்? சரி என்றார். கொடுத்த சட்டை தோளில் தொளதொளவென்று தொங்கியது. வீட்டில் அதைப் பிடித்துத் தரச் சொல்லிக் கேட்டார். "அந்தத் துணியை நான் தொடமாட்டேன். அங்கீகாரம் இல்லாத கை," என்றார் மனைவி. தொளதொளத்த சட்டையோடே வேலைக்குப் போனார்.

முதல் வாரம் நாக்குக் குழறியது. எழுதிக் கொடுத்த தாளைப் பார்த்து, "அடையாளம் தெரியாத ஒரு நபரின் பேச்சை நம்பி," என்ற இடத்தில் தினமும் தடுக்கி விழுவார். ஒரு மாதத்தில் தாள் தேவைப்படவில்லை. இரண்டாவது மாதத்தில் கேட்கிறவர்கள் உச்சுக்கொட்ட ஆரம்பித்தார்கள். யாராவது உச்சுக்கொட்டும்போது அவருக்கு உடம்பெல்லாம் ஒரு தெம்பு வந்தது. பதினோரு வருடம் ரொட்டி போட்டும் ஒருவர்கூட அவர் பேச்சை நின்று கேட்டதில்லை. மூன்றாவது மாதத்தில் தாளில் இல்லாததையும் சேர்த்துச் சொன்னார். அந்த நபர் ஒரு முரட்டு ஆள். விரலெல்லாம் கறை. போல்ட்டை எந்தப் பக்கம் திருப்புவது என்றுகூடத் தெரியாது. "நான் வேண்டாம் வேண்டாம்னு எவ்வளவோ தடுத்தேங்க," என்று சொல்லும்போது அது நடந்ததென்று அவரே நம்பினார். மேலாளர் தூணுக்குப் பின்னால் நின்று கேட்டுவிட்டு, சம்பளத்தை ஏற்றச் சொன்னார்.

இதற்கிடையில் தெருவில் விஷயம் பரவியிருந்தது. தபால்காரர் தன் வண்டியைத் தள்ளிக்கொண்டு அந்த அம்மாளிடம் வந்தார், அடுத்தது பால்காரர், அடுத்தது பக்கத்துத் தெரு மருந்துக்கடைக்காரர். ஒரு சட்டை தைக்கிற கூலியில் சென்சார் மாற்றிக் கொடுத்தார். பதினாலு வண்டி ஓடிக்கொண்டிருந்தது. முதல் தடவையாக வீட்டில் வாடகைக்கு அல்லாட வேண்டியிருக்கவில்லை.

சர்வீஸ் சென்டரில் சென்சார் வேலை குறைந்துவிட்டது. மேலாளர் எல்லோரையும் கூட்டிவைத்து, ஏதோ ஒரு தெருவில் அங்கீகாரம் இல்லாத கை ஒன்று வேலை செய்கிறது, தெரிந்தவர்கள் இந்தப் படிவத்தில் விலாசம் எழுதலாம், எழுதுகிறவருக்குப் பதவி உயர்வு உண்டு என்றார். ரொட்டிக்காரர் யோசித்தார் என்று எழுத எனக்கும் ஆசைதான். அவர் பேனாவை இரவல் வாங்கி, கதவு எண் உட்பட எழுதிக் கொடுத்தார். கேட்டால், "தெரிஞ்சுக்கிட்டே மறைச்சா அது மோசடி இல்லையா?" என்றார்.

நோட்டீஸ் தயாரானது. சம்பந்தப்பட்ட நபர் இனி எந்த இயந்திரத்தையும் தொடுவதில்லை என்று எழுதிக் கொடுத்து, வைத்திருக்கும் கருவிகளை ஒப்படைக்க வேண்டும், தவறினால் வழக்கு. போகிற வழிதானே, நீங்களே கொடுத்துவிடுங்கள் என்றார் மேலாளர்.

சாயங்காலம் ரொட்டிக்காரர் முன்னறையில் நின்றபடியே நோட்டீஸை வாசித்தார். அவர் மனைவி மெஷினை நிறுத்தாமல் கேட்டார். முதலில் விளையாட்டு என்று நினைத்துச் சிரிக்கக்கூடச் செய்தார். இவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு போயிற்று.

"விலாசம் யார் குடுத்தா?"

"அது கம்பெனி ரகசியம்மா. கேக்கக் கூடாது."

அந்த அம்மாள் மெஷினை நிறுத்தினார். பிறகு எழுந்து போய் ஸ்பேனர்களைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். வழக்கு என்று வந்தால் வக்கீலுக்கு எங்கே போவது என்று அவருக்கும் தெரியும். ரொட்டிக்காரர் பட்டியலில் ஒவ்வொன்றாக டிக் அடித்துக்கொண்டே வந்தார். பிறகு மெஷினின் சின்ன இழுப்பறையைத் திறந்து, விரல் நீளத்தில் இருந்த திருப்புளியை எடுத்தார்.

"அது தையல் மெஷினோடதுங்க."

"பட்டியல்ல திருப்புளின்னுதான் இருக்கு. எதோடதுன்னு போடலை."

"அதையும் எடுத்துட்டுப் போயிட்டா நான் மெஷினை எப்படிங்க சரி பண்ணிக்கறது? நாளைக்கு இது மக்கர் பண்ணிச்சுன்னா நாம சாப்பாட்டுக்கு என்ன பண்றது?"

ரொட்டிக்காரர் அவர் தோளில் கை வைத்தார். குரலில் உண்மையான பிரியம் இருந்தது.

"நீ எதுக்கும்மா தலையை உடைச்சுக்கறே? இந்த மெஷினுக்கும் ஒரு சர்வீஸ் சென்டர் இருக்கும். அங்க கொண்டுபோய்க் குடுத்துடு. தெரிஞ்சவங்க பாத்துப்பாங்க. நாலே நாள்தான்."

அந்த அம்மாள் திருப்புளியைத் தடுக்கவில்லை. தன் தோளிலிருந்த கையை மட்டும் எடுத்து ஓரமாக வைத்தார். ரொட்டிக்காரர் ரசீது எழுதிக் கொடுத்துவிட்டு, நோட்டீஸின் அடியில் ஒரு கையெழுத்துப் போடச் சொல்லிப் பேனாவை நீட்டினார்.